லினக்ஸ் மிஷின் கேட்ட பெயர்

கிடர்பூர் துறைமுகத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த அந்தக் கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில், நாகலட்சுமி மாமிக்குத் தெரியாமல் ஒரு குண்டூசிகூட இடம் மாறியதில்லை. பெயருக்குத்தான் டைப்பிஸ்ட். இரண்டாயிரத்தொன்றில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடித்து வந்தவளின் கண்ணில் விஸ்வநாதனின் வெளுத்த முகம் பட்டுவிட்டது.

"என்ன விச்சு, ஊர்ல பொண்ணு உன்னை வேண்டாம்னுட்டாளா?"

"அதெல்லாம் இல்லை மாமி. ஃபோல்டர் திறக்க மாட்டேங்கறது."

சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத விஸ்வநாதன், மேனேஜர் சான்யாலிடம் மல்லுக்கு நின்று, எல்லாருடைய ஃபைல்களையும் ஒரே லினக்ஸ் மிஷினில் வைக்கச் செய்திருந்தான். போன வாரம் யாரோ ஒரு சரக்குப் பட்டியலை அழித்துத் தொலைக்க, "அந்த ஃபோல்டர் எனக்கு மட்டும் திறக்கட்டும்" என்று பூட்டுப் போடச் சொன்னவனும் அவனே. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் தபன் நேற்று மாலை பூட்டைப் போட்டுவிட்டு, குடும்பத்தோடு பூரிக்கு ரயிலேறிவிட்டான். செல்போன் கிடையாது. நாலு மணிக்குள் அந்த ஃபோல்டரில் இருக்கும் இன்றைய பட்டியல் கஸ்டம்ஸுக்குப் போகாவிட்டால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் அந்த லினக்ஸ் டப்பாவும் விஸ்வநாதனும் சேர்ந்தே வெளியே என்று சான்யால் சொல்லியாகிவிட்டது.

மாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடிக்க வேண்டிய கடிதங்கள் ஏழு இருந்தன, இருக்கட்டும்.

விஸ்வநாதன் கேபிளைப் பிடுங்கிச் செருகினான். லினக்ஸ் மிஷினுக்கு 'இருக்கிறாயா' என்று பிங் அனுப்பினான், பதில் வந்தது. எல்லாருக்குமான பொது ஃபோல்டரைச் சொடுக்கினான், சமர்த்தாகத் திறந்தது.

"அப்போ ஒயரும் சரி, மிஷினும் சரி. உன்னை மட்டும்தான் அதுக்குப் பிடிக்கலை."

"பாஸ்வேர்டு கேக்கறது மாமி. போட்டா தப்புங்கறது."

"மறந்துட்டியோ?"

"தபன் எதிர்ல நானே ரெண்டு தடவை அடிச்சுக் குடுத்தேன்!"

"சரி, பேரைக் கேக்கறதா?"

"கேக்காது. காலைல விண்டோஸ்ல எந்தப் பேர்ல நுழைஞ்சோமோ, அதையே அது அங்கே அனுப்பிடும்."

"அனுப்பட்டும். அங்கே தபன் என்ன பேர் எழுதி வெச்சிருக்கான்னு பார்த்தியோ?"

அவன் பார்க்கவில்லை. எழுந்து போய் லினக்ஸ் மிஷின் முன்னால் உட்கார்ந்தான். எதையும் மாற்றும் அதிகாரம் தபனுக்கு மட்டும்தான், படிக்கத் தடையில்லை. ஃபோல்டர்களைப் பகிர்ந்து தரும் சாம்பா புரோகிராமுக்கு தபன் எழுதிவைத்த விதிகளைத் திறந்து, யாருக்கு அனுமதி என்ற வரிக்கு வந்தான்.

"என் பேர்தான் மாமி இருக்கு."

"முதல் எழுத்தைச் சொல்லு."

"வி..." என்று ஆரம்பித்தவன் திரையோடு மூக்கை ஒட்டினான். "ஐயோ, பி!"

மாமிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தபன் வாயில வர்றபடியே எழுதிட்டான்டா! இந்த பெங்காலிகளுக்கு நம்ம 'வி' என்னிக்கு வாயில வந்தது? நானே இங்கே நாப்பது வருஷமா நாகொலொக்கி. போய் பிஸ்வநாதனா நுழைஞ்சு பாரு."

விஸ்வநாதன் தன் கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறி, முதல் எழுத்தை மாற்றி, மறுபடி நுழைந்தான். அதே பாஸ்வேர்டு. ஃபோல்டர் விரிந்தது. பிரிண்டர் கரகரவென்று பட்டியலைத் துப்பத் தொடங்கியபோது மணி மூன்றரை.

சான்யால் அறையிலிருந்து வந்து, தாள்களை எண்ணிப் பார்த்து, பியூனை கஸ்டம்ஸுக்கு விரட்டினார். பிறகு லினக்ஸ் மிஷினை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாக், இருக்கட்டும்! மிஷின் இருக்கட்டும்," என்றார். "பிஸ்வநாதன் பாபுவும் இருக்கட்டும்."

திருத்துவதற்கு வாயைத் திறந்தவனின் முழங்கையில் மாமி நறுக்கென்று கிள்ளினாள்.

"சரி சார்," என்றான் பிஸ்வநாதன்.