சயாம் காவலனின் முகம்

போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையின் கூலி முகாமிலிருந்து உயிரோடு மயிலாப்பூர் திரும்பிய கரீமுல்லா, அங்கே நடந்ததைப் பற்றி மனைவி குல்சுமிடம்கூட வாய் திறக்கவில்லை. சினிமா விளம்பரத் தட்டிகள் வரைவதோடு சரி.

நாற்பத்தாறில், போர்க்குற்றவாளிகளைத் தேடும் அதிகாரி அனந்தராமன் வீடு தேடி வந்து விசாரித்தார். கரீமுல்லாவுக்குப் பேச்சு வரவில்லை. கரித்துண்டை எடுத்துக் கட்டம் கட்டமாக வரைந்தான். மூங்கில் கொட்டகை, காலராவில் கிடந்தவர்கள், அவர்களை உதைத்து எழுப்பிய ஜப்பானியக் காவலன். புருஷன் பட்டதெல்லாம் அன்றுதான் குல்சுமுக்குத் தெரிந்தது.

மார்கழியில் அனந்தராமன் மறுபடி வந்தார்.

"ஆள் அகப்பட்டுட்டான்! சிங்கப்பூர்ல, சரணடைஞ்ச சிப்பாய்களோட வேற பேர்ல ஒளிஞ்சிண்டிருந்தான். உங்க படத்தை வெச்சுண்டுதான் பிடிச்சா. கோர்ட்ல சாட்சி சொல்ல வரணும்."

"அத்தினி பேர் எதிர்ல பேசணுமே, உங்களால முடியுமா?" என்றாள் குல்சும்.

"பேசறேன். செத்தவங்களுக்கு வேற யாரு கீறாங்க?" என்றான் கரீமுல்லா. பிறகு சிரித்தான். "பசிக்குது, சோறு போடு."

அனந்தராமன் மோர் மட்டும் போதுமென்றார். கரீமுல்லா மீன் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு, முகாமில் பக்கத்தில் படுத்திருந்த நாகப்பட்டினத்து நண்பனின் குறட்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். குல்சும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.