கேடயத்தைப் பாயாக விரித்தவர்கள்

கேடயம் வாங்க வந்த வரிசையில் தொகோசிலே ஒவ்வொருவரிடமும் குலப்பெயரைக் கேட்டாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

வெளியூர்க்காரி யாராவது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தால் உயரத்தைப் பார்த்துப் பிரித்திருப்பாள், இல்லாவிட்டால் வந்து இறங்கிய பஸ்ஸைப் பார்த்துப் பிரித்திருப்பாள். தொகோசிலே இந்த மண்ணில் பிறந்தவள். இங்கே ஒரு ஆளைப் பார்த்ததும் வாயில் முதலில் வருவது குலம்தான், பெயரெல்லாம் அப்புறம். மாவெலா என்று சொன்ன நூற்றிருபது பேருக்கும் பழுப்புத் தோல் கேடயம் கொடுத்தாள். மற்ற முந்நூறு பேருக்கும் மன்னர் படையின் வெள்ளைக் கேடயம். மாவெலா ஒருவன் கையில் வெள்ளைக் கேடயத்தைத் திணித்து, போய் மாவெலாக்களைக் குத்து என்று எந்த வாயால் சொல்வது? அவளும் ஒரு மாவெலா வீட்டுப் பெண். அப்படிச் சொல்ல அவளுக்கு வாய் வராது.

உம்ஃபோலோசி ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கில், மாமன்னரின் வாழ்க்கையைப் பன்னிரண்டு வார டிவி தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைச் சேர்ப்பதும், சோறு போடுவதும், சொன்ன இடத்தில் நிறுத்துவதும் தொகோசிலேயின் வேலை. அடுத்த தொடருக்கும் அவள்தான் என்று டைரக்டர் தெபோகோ வாயால் சொல்லியிருந்தார். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வந்தவர்; கெட்டிக்காரர், ஆனால் நின்ற இடத்தில் நிற்க மாட்டார். அவர் கொடுத்த தாளில் அன்றைய காட்சி ஒரே வரியில் இருந்தது: மன்னரின் படையைக் கண்டு மாவெலாக்கள் சிதறி ஓடுகிறார்கள்.

அந்த வரியைப் படித்த அன்றே அவள் அதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அம்மா மக்காச்சோளப் புட்டுக்குப் புளித்த பாலை ஊற்றிக்கொண்டிருந்தவள், குடுவையைக் கீழே வைத்தாள்.

"மாவெலா ஓடுறத நாடே பாக்கணுமா? காட்டு, நல்லா காட்டு. ஆனா அதக் காட்டிட்டு இந்த வாசப்படி மிதிக்காத."

"நடிப்புதானம்மா."

"உங்கப்பன் செத்தப்ப மண்ணுப் போடுறதுக்கு முன்னாடி என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க? 'கேடயத்தைப் பாயா விரிச்சவனே'ன்னுதானே கூப்பிட்டாங்க? அதுவும் நடிப்பா?"

அதோடு சரி. மூன்று நாளாக அம்மா பேசவில்லை. மகளுக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால் கோழியிடம் சொன்னாள்.

அம்மா மேல் தப்பில்லை. கல்யாணமோ சாவோ, ஒரு மாவெலாவை மரியாதையாக அழைக்க இங்கே அந்த ஒரு சொல்தான். மன்னரின் படை வந்த அன்று கையில் இருந்த ஈட்டியெல்லாம் தீர்ந்த பிறகு, அவர்களின் முப்பாட்டன்கள் கேடயத்தைத் தரையில் போட்டு, அதன்மேல் மன்னரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்களாம். மன்னர் அவர்களைக் கொல்லாமல், மாட்டுக் கொம்புபோல் வளைந்து நிற்கும் தன் படையின் இடது கொம்பில் சேர்த்துக்கொண்டார். மன்னர் எங்கள் மன்னர் என்று சொல்லும்போது மாவெலாக்களுக்கும் மார்பு விரியும். ஆனால் அந்த மன்னராலேயே விரட்ட முடியாதவர்கள் தாங்கள் என்று சொல்லும்போது இரண்டு மடங்கு விரியும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், ஓடுவீர்களா என்று அவள் காலையில் கேட்டாள். ஓடுவோம் என்று நூற்றிருபது பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவன் அவளுடைய அண்ணன் கினிசானி. மினிபஸ் டாக்சி ஓட்டுகிறவன். டர்பன் வரைக்கும் எந்தக் குழி எந்த வளைவில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்.

"ஆக்‌ஷன்" என்ற சத்தம் கேட்டதும் வெள்ளைக் கேடயங்கள் சரிவில் இறங்கி வந்தன. மாவெலாக்கள் நட்டு வைத்த கம்பம்போல் நின்றார்கள். ஒருத்தன்கூட அசையவில்லை.

"கட்! என்ன ஆச்சு? காது கேக்கலையா?" என்று தெபோகோ ஒலிபெருக்கியில் கத்தினார்.

இரண்டாவது டேக்கில் அசைந்தார்கள். சந்தையிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்போல் பேசிக்கொண்டே நாலு அடி நடந்தார்கள். ஒருத்தன் நின்று காலில் தைத்த முள்ளை எடுத்தான்.

மூன்றாவது டேக்கில் ஓடினார்கள். நன்றாகவே ஓடினார்கள், மன்னரின் படையைப் பார்த்து. ரப்பர் முனை வைத்த ஈட்டிகள் பறந்தன. முந்நூறு பேர் சிதறினார்கள். சிறுத்தைத் தோல் போர்த்தி மன்னராக நடித்த லிந்தானி ஆற்றோரச் சேற்றில் மல்லாக்க விழுந்தார். அவரைத் தூக்கிவிட்டதும் மாவெலாக்கள்தான்; தூசி தட்டி, தலை அலங்காரத்தைச் சரிசெய்து, "மன்னிச்சுக்குங்க பாபா, கால் தானா போயிருச்சு" என்று அவ்வளவு பணிவாகச் சொன்னார்கள்.

தெபோகோ தொகோசிலேயைத் தனியே கூப்பிட்டார். கத்தவில்லை.

"சூரியன் அந்தக் குன்றுக்குப் பின்னாடி போக இன்னும் அரை மணி நேரம். ஒரே ஒரு டேக் எடுக்கலாம். நாளைக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டுக் கிளம்பறோம்."

"அவங்க ஓடல பாபா. உக்காந்தாங்க. இந்த ஊருல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"இருக்கலாம். எங்கிட்ட இருக்கற தாள்ல ஓடறாங்க. மேல உள்ளவங்க ஒத்துக்கிட்டது அந்தத் தாளை. இந்த டேக்கும் போச்சுன்னா காட்சியே வேணாம்னு விட்டுடுவேன். பின்னணிக் குரல்ல ஒரு வரி போட்டுக்கலாம், மாவெலாக்கள் ஓடிப்போனார்கள்னு. உன் வேலையப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, உனக்கே தெரியும்."

அந்த ஒரு வரி அவள் காதில் இரைந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை, நாட்டில் உள்ள அத்தனை வீட்டிலும், அழகான குரலில் யாரோ ஒருவன் அதைச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவான். மறுத்துப் பேச அங்கே ஆள் இருக்காது. இனிமேல் சாவு வீட்டில் மாவெலாவை எப்படிக் கூப்பிடுவார்கள்? அவளுக்கு அழுகை முட்டியது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, தன் மேலேயே.

வண்டி நிழலில் லிந்தானி உட்கார்ந்திருந்தார். சிறுத்தைத் தோலில் ஒட்டிய சேற்றை ஒருத்தி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போலும்.

"தொகோ அக்கா, இங்க வாங்க. உங்க ஆளுங்க உக்காந்தாங்கன்னு சொன்னீங்களே, அப்ப மன்னர் என்ன செஞ்சார்?"

"ஒரே ஒரு கேள்வி கேட்டார்."

"என்னன்னு?"

"ஏன் ஓடலைன்னு கேட்டார்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"அத எங்க அண்ணங்கிட்டயே கேட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று நடந்தாள். நடக்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

மாவெலாக்கள் முள்மரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கினிசானி தங்கையின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான்.

"உனக்காக ஓடலாம்னுதான் தொகோ பாத்தேன். சத்தியமா. கால்ல பிரேக் புடிச்ச மாதிரி ஆயிடுது."

"ஓட வேணாம்ண்ணே."

"என்னது?"

"உக்காருங்க. நம்ம ஆளுங்க எப்படி உக்காந்தாங்களோ அப்படி. என்ன வந்தாலும் என் தலையில வரட்டும்."

"வேலை போயிருமே உனக்கு?"

"போனா உன் டாக்சியில காசு வாங்கிப் போடுற வேலைக்கு வந்துட்டுப் போறேன்."

"ஐயோ, அது வேணாம்" என்றான் கினிசானி. "நீ ஏறினா பயணிங்க எல்லாரையும் குலம் கேட்டுப் பிரிச்சு உக்கார வச்சிருவ." நூற்றிருபது பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்தில் தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

வெள்ளைக் கேடயங்கள் நான்காவது முறையாகச் சரிவில் இறங்கின. ஈட்டியால் கேடயத்தை அடித்துக்கொண்டு அவர்கள் வந்த சத்தத்தில் காலடி மண் அதிர்ந்தது. மாவெலாக்கள் கையில் இருந்த ஈட்டிகளை எறிந்தார்கள். பிறகு, யாரும் சைகை காட்டாமலே, எல்லாரும் ஒன்றாக, பழுப்புக் கேடயங்களைத் தரையில் போட்டார்கள். அதன்மேல் உட்கார்ந்தார்கள். முதுகு நிமிர்ந்திருந்தது. கை முழங்காலில் இருந்தது.

"கட்!" என்றார் தெபோகோ. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. "கட்னு சொல்றேன்ல!" கேமராவைப் பிடித்திருந்தவர் ஸுங்கு குலத்துக்காரர். தொகோசிலேயின் அம்மாவும் ஸுங்கு. அந்த முறையில் பார்த்தால் அவர் இவர்களுக்குத் தாய்மாமன். காதில் மாட்டியிருந்த கருவி அந்த நேரம் பார்த்துக் கழன்று தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கழன்றதா, கழற்றினாரா என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மன்னரின் படை தானாகவே நின்றது. உட்கார்ந்திருக்கிறவனை எப்படிக் குத்துவது? அந்த முந்நூறு பேருக்கும் இந்தக் கதை தெரியும். படையைப் பிளந்துகொண்டு லிந்தானி முன்னே வந்தார். அதுவரை அவர் நடிகராகத்தான் நடந்திருந்தார். அந்தப் பத்தடியை அவர் வேறு மாதிரி நடந்தார். கினிசானிக்கு முன்னால் வந்து நின்று, ஈட்டியின் முனையைத் தரையைப் பார்த்துத் திருப்பினார்.

"ஏன் ஓடல?" என்று கேட்டார். தாளில் இல்லாத கேள்வி.

கினிசானி அவரை நிமிர்ந்து பார்த்தான். அவசரப்படவில்லை.

"ஓடுற பாதை எங்களுக்குத் தெரியாது, அரசே. எங்க அப்பன்மாரு காட்டிக் குடுக்கல."

மாகாணத்தில் உள்ள அத்தனை பாதையும் தெரிந்த டாக்சிக்காரன் அதைச் சொன்னான். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. தெபோகோ கையில் இருந்த ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கினிசானி எழுந்தான். கேடயத்தை வாரி எடுத்துக்கொண்டு தனியாகப் பாய்ந்து, வானத்தை உதைத்து, தரையில் இறங்கி, மறுபடி பாய்ந்து வீர ஆட்டம் ஆடினான். நாற்பத்தெட்டு வயதும் தொந்தியும் எங்கே போயின என்று தெரியவில்லை. "கேடயத்தைப் பாயா விரிச்சவனே!" என்று கத்தினார்கள். மாவெலாக்கள் மட்டுமல்ல, வெள்ளைக் கேடயக்காரர்கள் முந்நூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் அப்படி ஆடும்போது அவன் வீட்டுப் பெண்ணுக்குக் கால் தரையில் நிற்காது. ஓடிப்போய் அவன் முன்னால் நின்று குலவையிட வேண்டும். அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. தொகோசிலேயும் யோசிக்கவில்லை. முதலில் குலவை எழுந்தது, அப்புறம்தான் அவள் ஓடினாள். பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டையோடு, ஜீன்ஸ் பேன்ட்டோடு, கையில் வாக்கி டாக்கியோடு, இருநூறு வருஷத்துக்கு முந்தைய போர்க்களத்தின் நட்டநடுவில் போய் நின்று குலவையிட்டாள்.

அப்போதுதான் ஸுங்குவுக்குக் காது கேட்டது. கேமரா நின்றது. சூரியன் குன்றுக்குப் பின்னால் போயிருந்தது.

அவள் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். மூன்று டேக்கை மாவெலாக்கள் கெடுத்தார்கள், நாலாவதை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். தெபோகோ மெல்ல நடந்து வந்தார்.

"ஒரு சந்தேகம் தொகோசிலே. இந்தச் சட்டை மன்னர் காலத்துல எந்தக் கடையில வித்துச்சு?"

அவள் சட்டையைக் கழற்றிச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"அந்தப் பதில எழுதுனது யாரு?" என்று கேட்டார்.

"யாரும் எழுதல பாபா. சொல்லிட்டு வர்றோம்."

அவர் மாவெலாக்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பி, "சட்டை தெரியறதுக்கு முன்னாடி வெட்டிக்கலாம். உக்கார்றது, கேள்வி, பதில், ஆட்டம், எல்லாம் இருக்கட்டும். மேல உள்ளவங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

"குலவை முன்னாடியே விழுந்திருச்சே, அத என்ன பண்றது?" என்று ஒலிப்பதிவுக்காரர் கேட்டார்.

"அது இருக்கட்டும். அடுத்த தொடருக்கு மட்டும் இந்த அம்மாவ மரத்துல கட்டிப் போட்டுட்டுதான் ஆக்‌ஷன் சொல்லணும்."

ஐந்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு மாலை அது டிவியில் வந்தது. காட்சி நிற்குமா என்று கடைசி நாள் வரை யாரும் உறுதியாகச் சொல்லாததால், தொகோசிலே அம்மாவிடம் மூச்சுக்கூட விடவில்லை, ஊரில் யாரையும் விட விடவில்லை. அம்மாவைப் பிடித்து வந்து உட்கார வைத்திருந்தான் கினிசானி. அம்மா டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், மகளைப் பார்க்காமல். பின்னணிக் குரல் வரும்போதெல்லாம் தொகோசிலே காதைத் தீட்டிக்கொண்டாள். அந்த வரி வரவில்லை. பழுப்புக் கேடயங்கள் தரையில் விழுந்தன. மன்னர் நடந்து வந்தார், கேட்டார். கினிசானியின் முகம் திரை முழுக்க நின்றது.

"ஓடுற பாதை எங்களுக்குத் தெரியாது, அரசே."

அம்மாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. திரையில் கினிசானி பாய்ந்தான். எங்கிருந்தென்று தெரியாமல் ஒரு பெண்ணின் குலவை எழுந்தது. நாட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பாட்டுக்காரி யாரோ பாடியது என்று நினைத்திருப்பார்கள். அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அன்னைக்குத் தண்ணியே குடிக்கலையாடி நீ?" என்றாள். "தொண்டை கம்மியிருக்கு."

ஐந்து மாதத்துக்குப் பிறகு கோழி நடுவில் இல்லாமல் அவள் பேசிய முதல் பேச்சு அது. தொகோசிலே அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். எந்திரி. நல்ல தொண்டையில இன்னொரு தரம் போடு. நானும் கேக்கணும்."

அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயைத் திறப்பதற்குள் எதிர்க் குன்றில் இருந்த வீட்டிலிருந்து ஒரு குலவை வந்தது. அதற்கடுத்த வீட்டிலிருந்து இன்னொன்று. பிறகு ஆற்றுக்கு அப்பால் இருந்து, மாவெலாக்கள் அல்லாதவர்களின் வீடுகளிலிருந்தும்.