வெள்ளைக்கல் தோட்டத்து மண்

வெள்ளைக்கல் தோட்டத்து ஜனங்களில் 1992-க்குப் பிறகு சில வருஷம் யாரும் சாகவில்லை. அவர்கள் திடகாத்திரமானவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காசம் இருந்தது, சர்க்கரை இருந்தது, சம்சு குடித்தே ஈரல் வெந்துபோனவர்கள் இருந்தார்கள். நேரம் வந்தபோது எல்லோருக்கும்போல நாடி நின்றது, மூச்சு நின்றது. ஆள் மட்டும் போகவில்லை. இதை முதலில் கண்டவர் பெம்பான் டவுனில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் திருச்செல்வம். மாயாண்டிக் கிழவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, ஒன்றும் கேட்காமல் போகவே, போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துவிட்டார். "மூடாதீங்க டாக்டரே, புழுங்குது" என்றார் கிழவர் உள்ளேயிருந்து. கருவிதான் கெட்டுவிட்டது என்று டாக்டர் புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் ஒன்றும் கேட்கவில்லை.

காரணம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வருஷம்தான் தோட்டம் விலைபோனது. வாங்கிய கம்பெனி ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு கோல்ஃப் மைதானமும் பங்களாக்களும் கட்டப்போவதாகச் சொன்னது. லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு பெம்பான் ஓரத்து மலிவு விலை வீடுகளுக்குப் போக ஒப்புக்கொண்ட ஜனங்கள், இடுகாட்டை மட்டும் விடமாட்டோம் என்று நின்றார்கள். எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பெம்பான் பொது மயானத்தில் சேர்த்துவிடுகிறோம் என்று பதில் வந்தது. கேட்டதும் கொதித்துப்போன கோயில் தலைவர் நல்லமுத்து, முனியாண்டிக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றினார். பெரியவர், சிறியவர் எல்லோரும் கையால் அடித்துச் சத்தியம் செய்தார்கள்: "இந்தத் தோட்டத்து மண்ணத் தவிர வேற மண்ணு எங்க பொணத்து மேல விழாது!" கம்பெனியை மிரட்டத்தான் அப்படிச் செய்தார்கள், பாவம். கம்பெனி மிரளவில்லை. புல்டோசர் வந்து இடுகாட்டையும் சேர்த்து நிரவிவிட்டுப் போனது. முனியாண்டிதான் அந்தச் சத்தியத்தை ஒரு சொல் விடாமல் எடுத்துக்கொண்டார். மேலே விழ மண் இல்லையென்றால் பிணமும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

டாக்டரின் தாய் காளியம்மாவும் கற்பூரம் அடித்தவர். அந்தத் தோட்டத்தில் பால் வெட்டித்தான் மகனைப் பெங்களூருக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். மகன் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றிருந்தார், படித்தவர் அல்லவா. மறுவருஷம் தாய்க்கு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. அதற்கடுத்த வருஷம் நாடி நின்றது. வலி நிற்கவில்லை. ரத்தம் ஓடாத உடம்பில் மார்ஃபின் எங்கே போய்ச் சேரும்? குத்திய இடத்திலேயே கட்டி கட்டியாக நின்றது. தாயின் கைகளைத் தடவித் தடவி மகன் அதைக் கரைக்கப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு வைத்தியம் பார்த்த கைகள், பெற்றவளுக்கு ஒரு நிமிஷ நிம்மதி தரமுடியவில்லை. "என்னைய அனுப்பிவுட்ரு செல்வம்" என்று காளியம்மா கெஞ்சினார். கெஞ்சுவதற்கு மூச்சு தேவைப்படவில்லை, அதனால் இடைவெளி விடாமல் கெஞ்சினார். கேட்க முடியாமல் டாக்டர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஒருநாள் இடுகாட்டு மண்ணை அள்ளிவர வாளியும் மண்வெட்டியுமாக கோல்ஃப் மைதானத்துக்குப் போனார். காவலாளிகள் பிடித்துப் போலீஸில் ஒப்படைத்தார்கள். டாக்டர் என்று தெரிந்ததும் போலீஸ்காரர்கள் டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள். வாளியைத் திருப்பித் தரவில்லை. கிளினிக்குக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த ஜைனுதீன்தான் வழி சொன்னார். "மருந்து எழுதிக் குடுத்து எவன் நெலம் வாங்கியிருக்கான், டாக்டர்? ஓட்டு வாங்குங்க. ஒய்.பி. ஆயிட்டா காவக்காரனே கேட்டத் தொறந்துவுட்டு சலாம் போடுவான் லா!" டாக்டருக்கும் ஒய்.பி., அதாவது சட்டமன்ற உறுப்பினர், ஆகிவிட்டால் இடுகாட்டை மீட்டுவிடலாம் என்று தோன்றியது. கட்சிக்கும் போஸ்டரில் போட டாக்டர் பட்டம் உள்ள ஆள் தேவையாக இருந்தது. 1995 தேர்தலில் நின்றார். மற்ற வேட்பாளர்கள் தார்ச்சாலை, பாலம், பள்ளிக்குக் கட்டடம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள். டாக்டர் மலிவு விலை வீடுகளுக்கு நடுவே மேஜை மேல் ஏறி நின்று, "எனக்கு ஓட்டுப் போடுங்க. உங்கள நல்லபடியா சாக வைக்கிறேன்" என்றார். கூட்டம் அழுதுகொண்டே கைதட்டியது.

ஓட்டுப்போடும் நாளன்று வெள்ளைக்கல் ஜனங்களை நாற்காலியிலும் கட்டிலிலும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செத்தவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு கூச்சல் போட்டது. செத்ததற்குச் சான்று உண்டா என்று அதிகாரி கேட்டார். சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவர் திருச்செல்வம். அவர் யாருக்கும் போட்டதில்லை. அப்புறம் மாயாண்டிக் கிழவரே பேனாவைக் கேட்டு வாங்கிச் சீட்டில் தானே கோடு போட்டார். டாக்டர் ஜெயித்தார், வித்தியாசம் சில நூறு ஓட்டுதான். சாக முடியாதவர்கள் வீடுவீடாகத் தங்கள் பேரன் பேத்திகளைத் திட்டிக் கிளப்பி அனுப்பியதால் வந்த ஓட்டுகள் அவை.

ஒய்.பி. ஆன திருச்செல்வம் சட்டமன்றத்தில் இடுகாட்டைப் பற்றி எழுந்து பேசினார். நிலம் தனியாருக்குச் சொந்தம் என்றார்கள். மறுபடி பேசினார். வேறு இடத்தில் ஓர் ஏக்கர் தருகிறோம் என்றார்கள். வேறு மண் ஆகாது என்றார். மூடநம்பிக்கையைச் சபையில் பேசவேண்டாம் என்று சபாநாயகர் அன்பாகக் கேட்டுக்கொண்டார். இரண்டு வருஷம் இப்படியே போனது. வீட்டில் பல்லைக் கடித்துக் கடித்துக் காளியம்மாவின் பல் தேய்ந்துபோனது. பதவி திருச்செல்வத்துக்குக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். ஒய்.பி.க்களுக்குப் பதவிக்காலம் முழுவதும் கிளப்பில் இலவசமாக கோல்ஃப் ஆடலாம் என்று மைதானத்திலிருந்து ஓர் அட்டை வந்தது.

திருச்செல்வம் கோல்ஃப் கற்றுக்கொண்டார். மைதானம் முழுக்க வெளியூர் மண்ணைக் கொட்டிப் புல் வளர்த்திருந்தார்கள்; தோட்டத்தின் பழைய செம்மண் இடுகாடு இருந்த சரிவில் மட்டும்தான் தெரிந்தது. அவர் அடித்த பந்தெல்லாம் அந்தச் சரிவுக்கே போனது. பந்தைத் தேடுகிற சாக்கில் மட்டைப் பையின் அடியில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார். இவ்வளவு மோசமாக ஆடும் ஒய்.பி.யைப் பார்த்ததில்லை என்று கிளப்பில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து புல்வேரை நீக்கிச் சலித்து அரிசிச் சாக்கில் கட்டிவைத்தார். பொது மயானத்தில் குழி வெட்டி, பக்கத்து மண் உதிராமலிருக்கச் சுற்றிலும் பலகை அடித்தார்கள்.

முதல் குழிக்கு மண் சேர்ந்தபோது காளியம்மா போக மறுத்துவிட்டார். நல்லமுத்துவின் மகள் புனிதா தஞ்சோங் கிளிங் ரோட்டில் லாரியில் அடிபட்டு, அள்ளிக்கொண்டு வந்த நிலையிலேயே மூன்று வருஷமாகப் பாயில் கிடந்தாள். கற்பூரம் அடித்தபோது அவளுக்குப் பதினாறு வயது. "அந்தப் புள்ளய மொதல்ல அனுப்பு. ஒய்.பி. அம்மா முந்திக்கிட்டான்னு நாளைக்கி ஒருத்தன் பேசக்கூடாது" என்றார் காளியம்மா. புனிதாவை இறக்கி மூடும்போது குழிவெட்டியின் பூட்ஸிலிருந்து பெம்பான் மண் ஒரு கட்டி விழுந்தது. அவள் கண்ணைத் திறந்துகொண்டாள். எல்லாவற்றையும் அள்ளிச் சலித்து மறுபடி மூடினார்கள். இந்தத் தடவை திறக்கவில்லை. நல்லமுத்து, மகள் செத்துவிட்டாள் என்று சந்தோஷத்தில் கத்தினார். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொருவரோடும் ஓர் ஓட்டும், கிழவரோ கிழவியோ திட்டி அனுப்பிவந்த வீட்டு ஓட்டுகளும் போயின. 1999 தேர்தல் நெருங்கியபோது கட்சித் தலைவர் திருச்செல்வத்தைக் கூப்பிட்டு, "ஒங்க ஓட்ட நீங்களே பொதைக்கிறீங்க. தேர்தல் முடியிற வரைக்கும் நிறுத்திவையுங்க லா" என்றார். தோற்றால் அட்டை போய்விடும், அட்டை போனால் மண் கிடையாது, காளியம்மா இன்னும் கட்டிலில் இருக்கிறார். இது திருச்செல்வத்துக்குத் தெரியாததல்ல. நிறுத்தத்தான் நினைத்தார். ஆனால் மாயாண்டிக் கிழவர் தினமும் வாசலில் வந்து உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியம் பார்த்துப் பழகியவர் எத்தனை நாள்தான் தாங்குவார்? தாய்க்கென்று கட்டிவைத்திருந்த சாக்குகளை அவிழ்த்தார். நவம்பரில் ஓட்டுப்போட வெள்ளைக்கல்லின் சாகாதவர்களில் காளியம்மா ஒருவர்தான் வந்தார். அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்தார்கள். திருச்செல்வம் தோற்றார்.

கிளப் அட்டையைத் திருப்பிக் கேட்டது. திருச்செல்வம் புதிய ஒய்.பி.யைப் போய்ப் பார்த்தார். அவர் மரியாதையாக எழுந்து நின்று கை கொடுத்து, கவனிக்கிறேன் என்றார். வீட்டில் மீதமிருந்த மண் ஒரு முழுக் குழிக்குப் போதாது. "இருக்கறதப் போட்டு மூடு செல்வம், என்னால முடியல" என்றார் காளியம்மா. மகனும் ஜைனுதீனும் அவரைப் பலகைக் குழியில் சாய்த்து உட்காரவைத்துக் காலிலிருந்து மண்ணைப் போட்டார்கள். மண் ஏற ஏறக் கால் செத்தது, இடுப்பு செத்தது. வயிறு மூடியதும் காளியம்மாவின் முகம் தெளிந்தது. "அப்பாடா, போச்சு" என்றார். ஐந்து வருஷத்தில் மகன் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கழுத்து வரை வந்ததும் சாக்கு காலியானது.

காற்றில் வேறு மண் பறந்து மேலே விழாமலிருக்க ஜைனுதீன் தகரத்தில் சின்னக் கூரை போட்டு மூன்று பக்கமும் அடைத்துக்கொடுத்தார். நகராட்சிக்காரர்கள் புல் வெட்டும்போது அந்தப் பக்கம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார்கள். பிணம் புதைக்க வருகிறவர்கள் போகும்போது காளியம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். திருச்செல்வம் மறுபடி கிளினிக்கைத் திறந்துவிட்டார். காலையில் அதைத் திறப்பதற்கு முன்னால் பிளாஸ்கில் காப்பி கொண்டுபோய்த் தாய்க்குக் கரண்டியால் ஊட்டுகிறார். "மண்ணு ஏதாச்சும் கெடச்சுச்சா?" என்று காளியம்மா கேட்பார். திருச்செல்வம் வாயைத் துடைத்துவிட்டு, "அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம்மா" என்பார். காளியம்மா ஒரு தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவர். சரி என்று தலையாட்டுவார்.