நாக்கில் ஒட்டிய எலும்பு

குருவிநத்தம் ஆற்றங்கரையில் கிடைத்த முதுமக்கள் தாழிக்குள் இருந்த விலா எலும்பில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ இருப்பதாகக் கணினி காட்டியதும் ஆய்வாளர் அருள்மொழி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மூன்று வருடமாக எத்தனையோ எலும்புகளைப் பொடித்தும் மண்கிருமிகளைத் தவிர எதுவும் சிக்காத ஆய்வு அது.

ஆனால் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் வந்தது. இரண்டாயிரம் வருடம் புதைந்து கிடந்த டிஎன்ஏ நைந்து, துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இதுவோ நேற்றுப் பிறந்ததுபோல் முழுசாக இருந்தது. எலும்பே போடாமல் சோதித்த வெற்றுக் குப்பியில் ஒன்றுமில்லை. அப்படியென்றால் இந்தக் காலத்துக் கிருமி இது; ஆய்வகத்தில் சேரவில்லை, குழியிலேயே சேர்ந்திருக்கிறது.

அந்தக் குழியைத் தோண்டிய தங்கவேலுக்கு ஃபோன் போட்டாள்.

“அண்ணே, அந்தச் சின்ன விலா எலும்பை க்ளவுஸ் போட்டுத்தானே எடுத்தீங்க?”

“போட்டுக்கினுதாம்மா எடுத்தேன்.”

“வேற ஒண்ணும் பண்ணலியே?”

“பானை ஓடா எலும்பான்னு தெர்ல. நாக்குல வெச்சுப் பாத்தேன். எலும்புன்னா ஒட்டிக்கும். இருவது வருசமா அப்பிடித்தாம்மா பாக்குறோம்.”

மூன்று வருட உழைப்பை எச்சில் பண்ணிவிட்டாரே இந்த மனுஷன்! ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திட்ட வாயெடுத்தபோது மறுமுனையில் இருமல் கிளம்பியது. அது நிற்க வெகு நேரமானது.

“எத்தனை நாளாண்ணே இந்த இருமல்?”

“அது கெடக்குது, ரெண்டு மாசமா. மண்ணுத் தூசி. எலும்புல இன்னா வியாதின்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“கண்டுபுடிச்சிட்டேண்ணே,” என்றாள் அருள்மொழி. “எங்கயும் போகாதீங்க. வண்டி எடுத்துட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.”