தானாய் முளைத்தது

மத்தியானம் கையுறையை அலச எடுத்தபோது உள்ளங்கை மடிப்பில் ஓர் இலை ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்து எறியப் போனவளுக்குக் குமட்டியது. கீரை இப்படி நாறாது. இலையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். காம்பருகே இலையின் அடி ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி இருந்தது.

ஊமத்தை.

காலையில்தான் முதன்முதலாக அந்தத் தோட்டக் குழுவுக்குப் போயிருந்தாள். நூலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளை மூன்று மாதமாகத் தினமும் படித்துவிட்டு நடையைக் கட்டியவள் அவள். ‘ஞாயிறு காலை ஏழு மணி, பின்பக்கக் காலிமனை. வேலை தெரிய வேண்டாம், வந்தால் போதும்.’ வாயைத் திறக்காமல் மண்ணைக் கொத்திவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். குழுவை நடத்தும் தையல்காரக்கா விடவில்லை. என்ன படித்தாய் என்று கேட்டு, பதிலை வாயிலிருந்து பிடுங்கி, ஊருக்கே அறிவித்தாள்.

“பாட்டனியாம்! இனிமே செடிக்குக் காய்ச்சல் வந்தாலும் நமக்கு டாக்டர் இருக்காங்க!”

விதைக்காமல் தானாய் முளைத்ததை அங்கே பிடுங்க மாட்டார்கள். என்னவென்று தெரியும்வரை நிற்கட்டும் என்பது அவர்கள் வழக்கம். கீரைப் பாத்தியின் ஓரத்தில் அப்படிச் சில இளஞ்செடிகள் நின்றன.

“இதுவும் கீரைதானே டாக்டரம்மா?” என்று அக்கா அவற்றைக் காட்டிக் கேட்டாள்.

பத்துப் பேர் திரும்பினார்கள். அவளுக்கு முகம் சூடேறியது. செடியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தலையாட்டிவிட்டாள். வாரம் ஒரு வீட்டுக்குக் கீரை. இந்த வாரம் பஸ் டிரைவர் வீட்டு முறை. அவளே பறித்து, அவளே கட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

இப்போது குழுவின் வாட்ஸ்அப்பில் எழுதினாள், அழித்தாள். தப்பாக இருந்துவிட்டால் என்ன நினைப்பார்கள்? மறுபடி எழுதி அனுப்பினாள். யாரும் பார்க்கவில்லை. டிரைவரை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு என்று காலையில் அவர் சொல்லியிருந்தார். ஓடினாள்.

கதவைத் திறந்தவர் சிரித்தார்.

“அட, வாம்மா! வீட்டக் கண்டுபிடிச்சிட்டியே.”

“கீரை… கீரையச் சமைச்சிட்டீங்களா அண்ணா?”

“பாப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் செஞ்சேன். மூஞ்சியச் சுளிச்சிக்கிட்டே தின்னா. அப்புறம் நாக்கு ஒட்டுது, கண்ணு கூசுதுன்னு ஆயிரம் சாக்கு. இப்பதான் படுத்தா.”

“அது கீரை இல்லண்ணா. விஷம். நான்தான் தப்பா சொல்லிட்டேன். பாப்பாவத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவளுக்கே தெரியாது. அவர் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது. பிறகு உள்ளே பாய்ந்தார். டாக்டரிடம் காட்டுவதற்காக மிச்சமிருந்த கீரைக்கட்டை அவள் எடுத்துக்கொண்டாள்.

பைக்கில் இருவருக்கும் நடுவே குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. கண் திறந்துதான் இருந்தது. நடுக்கருப்பு விரிந்து, விழி முழுவதும் கிணறாகியிருந்தது.

“பாப்பா, அக்காவப் பாரு. உன் பேரு என்ன, சொல்லு.”

“என்ன சொல்றா?” என்று முன்னாலிருந்து அவர் கத்தினார். “ஏதாச்சும் சொல்றாளா?”

குழந்தை அவளைப் பார்க்கவில்லை. வெறுங்காற்றிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி, ஒன்றுகூடச் சிந்தாமல், அவள் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தது. அவள் கையை மூடவில்லை.