ஒட்டிய கைதட்டல்

உத்தமனின் கை சவப்பெட்டிக்குள் போனதை ஞானகுமாரி பார்த்துவிட்டாள். மாலையைச் சரிசெய்கிறவன் போலக் குனிந்து, தலையணைக்கு அடியில் எதையோ செருகிக்கொண்டிருந்தான். அவள் எழுந்து போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னாது அது?"

"ஒண்ணுமில்லக்கா."

"எட்றா வெளிய."

சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஜெபத்தை நிறுத்தாமலே கண்ணை மட்டும் திருப்பினார்கள். உத்தமன் கையை எடுத்தான். ஒரு கேசட். சீட்டில் பெயர் இல்லை. பால்பாயிண்ட் பேனாவில் தேதி மட்டும் இருந்தது: 20-7-91. ஞானகுமாரி அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். உத்தமன் பெண்களைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

பெட்டியில் கிடந்தவன் அவள் தம்பி அருள்தாஸ். முப்பது முடியவில்லை. காமாலை மூன்றே வாரத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினான். மூன்று வருடம் முன்பு வரை கிடாரும் வாசித்தான். ஹெவி மெட்டல். அப்பா செபாஸ்டியன் அதைத் தகரக்கடை என்பார். உத்தமன் அவனுக்கு டிரம்ஸ் வாசித்தவன், கரையான்சாவடியில் கேசட் பதிந்து தரும் கடை வைத்திருக்கிறான். சேக்காட்டில் அவர்கள் வீட்டு வாசலில் சாமியானா போட்டு, வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். நாலு மணிக்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னதும் பெட்டியை மூடிவிடுவார்கள். மணி இரண்டரை ஆகியிருந்தது.

ஞானகுமாரி லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பன்னிரண்டு வருடமாக ஆபரேட்டர். 'அவர் ஊரில் இல்லை' என்று சொல்லும் குரலுக்குப் பின்னால் அந்த அவரே இருமுவதைக் கேட்டுக் கேட்டு அப்படி ஆகிப்போனாள். டிரங்க் காலில் பேசுவது வேலூரா விழுப்புரமா என்பதை இரைச்சலை வைத்தே சொல்லிவிடுவாள். அந்தக் காதில்தான் தம்பி மாட்டினான்.

கரையான்சாவடி கல்யாண மண்டபத்தில் கச்சேரி செய்தோம், முந்நூறு பேர் வந்தார்கள் என்று சொன்னான். ரெண்டு மாதம் கழித்து மேடையிலேயே பதிந்த அதன் லைவ் ஆல்பம் என்று ஒரு கேசட்டும் கொண்டுவந்து போட்டான். கூரையே பறக்கிற மாதிரி ஜனங்களின் சத்தம். அப்பாவுக்குப் பாட்டு ஒரு எழவும் புரியவில்லை, ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். "நம்ம பையனுக்கு இன்னா கூட்டம் பாருங்க" என்று பூரித்துப்போனார்.

ஞானகுமாரி மூன்று தடவை கேட்டாள். முதல் பாட்டின் நடுவில் ஜனங்கள் ஓவென்று கத்துகிறார்கள். ஒரு நீட்டு விசில். யாரோ இருமுகிறார்கள். பிறகு ஒரு குழந்தை, "யம்மோவ், பலூனு." மூன்றாவது பாட்டு முடிந்ததும் மறுபடி விசில், இருமல், "யம்மோவ், பலூனு." ஆறாவது பாட்டிலும் அந்தக் குழந்தைக்குப் பலூன் கிடைத்தபாடில்லை. மாதா கோயில் திருவிழாவில் எடுத்த சத்தம். அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு சகாயம்மாள் எல்லோரும் இருக்கும்போது அவள் அதை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினாள். "ஆளே வராத கச்சேரிக்கு தேர் பாக்க வந்த ஜனத்த இட்டாந்து கைதட்ட உட்டுகிறான் உங்க புள்ள" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அருள்தாஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதம் கிடாரை விற்றுவிட்டான்.

அவன் ஏன் அன்று வாயைத் திறக்கவில்லை? பொய் சொன்னவன் அகப்பட்டதால் என்றுதான் அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். ஆனால் இந்த மூன்று வாரத்தில், மஞ்சள் பூத்த அந்தக் கண்களைப் பார்க்கும்போதெல்லாம், நாம்தான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கேட்கவும் வாய் வரவில்லை. பெட்டியை மூடுவதற்குள் அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும். அந்த மண்டபத்தில் ஆள் இருந்ததா, இல்லையா?

காலையிலிருந்து வருகிறவர்களை அதற்காகவே பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் வந்தார்கள், எஸ்டேட் ஆட்கள் வந்தார்கள், மாதா கோயில் பங்குக்காரர்கள் வந்தார்கள். அந்த முந்நூறில் ஒருத்தனைக் காணோம். இப்போது உத்தமன் வேறு ஒரு கேசட்டை மண்ணுக்குள் அனுப்பப் பார்க்கிறான். எதை மறைக்க?

உத்தமனும் அருள்தாஸும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சண்டை போடுவது அவளுக்கு ஞாபகம் வந்தது. வெளிநாட்டு லைவ் ஆல்பம் ஒன்றைப் போட்டுவிட்டு, "கேள்றா, அந்த ஹால்லயே நிக்கிற மாதிரி கீது" என்பான் அருள்தாஸ். "மண்ணாங்கட்டி. லைவுன்னு அட்டையில போட்டுட்டு, தப்பா வாசிச்சதெல்லாம் ஸ்டுடியோல திருப்பி வாசிச்சி, மேல கைதட்டல தூவுறானுங்க" என்பான் உத்தமன். "கச்சேரின்றது உன் நெஞ்சுல வந்து இடிக்கும்டா. அத நாடால புடிக்க முடியாது" என்பான். காபி கொண்டுபோகும் ஞானகுமாரிக்கு உத்தமன் சொல்வதுதான் நியாயமாகப் படும். சந்தேகப்படுகிறவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

மூன்று மணிக்கு ஒரு ஆள் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தான். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு சின்ன ரோஜா மாலை. பெட்டியில் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். ஞானகுமாரி பக்கத்தில் போனாள்.

"யாரு நீங்க?"

"கோவிந்தன்மா. பட்டாபிராம். ஸ்டேசன் செவுத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாத்தேன். நீங்க சொந்தமா?"

"பக்கத்து ஊடு" என்றாள். கூசாமல் வந்தது. "அவர எப்டி பழக்கம்?"

"பழக்கம்லாம் இல்லம்மா. ஒரு தபா பாத்துகீறேன், அவ்ளோதான். கரையான்சாவடி மண்டபத்துல கச்சேரி பண்ணாரு."

"கூட்டம் இருந்திச்சா?"

"நிக்க எடமில்ல. ஜன்னல்லலாம் ஏறிகினானுங்க. நான் பூந்து உள்ள போறேன், முன்னால ஒரே ஒரு சேரு காலியா கீது. குந்தலாம்னு போனேன். வாசிச்சிகினு இருந்தவரு நிறுத்திட்டாரும்மா. மைக்லயே சொல்றாரு, 'தலைவா, அதுல குந்தாத, எங்க அக்கா வருது'ன்னு. மண்டபமே சிரிச்சிச்சு. எனக்கு வெக்கமா பூட்ச்சு." அவன் பெட்டியைப் பார்த்தான். "அப்பால எவனும் அதுல குந்தல."

"அக்கா வந்தாங்களா?"

"தெர்லம்மா. நான் கடைசி வண்டிக்கு ஓடிட்டேன். அந்த அக்கா யாரு, இங்க கீறாங்களா?"

"உள்ள இருப்பாங்க" என்றாள் ஞானகுமாரி.

அந்தக் கச்சேரிக்கு அவள் போகவில்லை. டியூட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். டியூட்டியெல்லாம் இல்லை. தோளில் புரளும் முடியோடு தம்பி கத்துவதை நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. வேறொருத்திக்காக அன்று டபுள் டியூட்டி பார்த்தாள்.

ஆனாலும் மனசு உடனே அடுத்த சந்தேகத்துக்குத் தாவியது. மைக்கில் சொன்னான் என்றால் கேசட்டில் இருக்க வேண்டுமே. மூன்று தடவை கேட்டாளே. உத்தமன் சொல்லிக்கொடுத்து அனுப்பிய ஆளாக இருந்தால்? வாசலுக்குப் போய் உத்தமனைக் கையோடு தம்பியின் அறைக்கு அழைத்துவந்து கதவைச் சாத்தினாள்.

"கோவிந்தன் யார்றா?"

"எந்த கோவிந்தன்?"

"சேர்ல குந்தப் போனவன்."

உத்தமனின் முகம் மாறியது. சுவரில் சாய்ந்துகொண்டான்.

"மைக்ல பேசினான்றானே, உங்க கேசட்ல எங்கடா அது?"

"அது மேலதான்கா மொத சத்தத்த ஒட்டினோம்."

உத்தமன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கி மைக்கு ஒயருங்க வந்து சேர்ற மிக்சர்லேர்ந்து நேரா ஒயர இழுத்து பதிஞ்சிட்டோம். தனியா ஒரு மைக்க ஜனத்து பக்கம் திருப்பி வெக்கணும்னு எங்களுக்குத் தெர்ல. ஊட்டுக்கு வந்து போட்டா, எங்க சத்தம் மட்டும்தான் கீது. காலி ரூம்ல நாலு பேரு வாசிக்கிற மாதிரி. அருளு அழுதுட்டான்கா. உள்ளத உள்ளபடி புடிச்சா, அங்க நடந்ததே அதுல இல்ல. அதுக்கோசரம்தான் திருவிழா சத்தத்த எடுத்து ஒட்டினோம். தேடினதுல அது ஒண்ணுதான் அந்த அளவு கத்திச்சு."

"அன்னிக்கி நான் கேக்கும்போது சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா ஒரிஜினல போட்டுக் காட்டணும். அதுல கடைசி வரைக்கும் 'அக்கா வருது, அக்கா வருது'ன்னுகினே இருப்பான், நீ வரலன்றது தெர்ஞ்சிடும்ல. உங்க நைனாகிட்ட நீ வந்ததா சொல்லிருந்தான்." மூக்கை உறிஞ்சினான். "ஆஸ்பத்திரில சொன்னான், அத என்னோடயே போட்டுடு, அக்கா கைல கெடச்சா ரொம்ப கஷ்டப்படும்னு. நான் சரியா மறைக்கல."

ஞானகுமாரி இடுப்பிலிருந்து கேசட்டை எடுத்தாள். அலமாரி மேலிருந்த டேப் ரெக்கார்டரில் போட்டு அமுக்கினாள். கிடார் வறட்டென்று பாய்ந்தது. டிரம்ஸ் தகரத்தைத் தட்டுவதுபோல இருந்தது. ஒரு ஆளின் மூச்சுகூட இல்லை. இவ்வளவு ஆவேசமாக யாருமே இல்லாத இடத்தில் வாசிப்பது கேட்கவே பயமாக இருந்தது. வெளியே ஜெபமாலை நின்றுபோய் யாரோ, "இன்னா அது?" என்றார்கள்.

கிடார் நின்றது. அருள்தாஸ் பேசினான்.

"தலைவா, அதுல குந்தாத. எங்க அக்கா வருது."

மூச்சு வாங்குகிற, சந்தோஷமான குரல். நோவு தெரியாத குரல். ஞானகுமாரி அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நாடாவில் வெறும் இரைச்சல் ஓடியது.

"இங்கதான்கா எல்லாம் சிரிச்சாங்க. ஒண்ணும் ஏறல பாரு" என்றான் உத்தமன்.

அவள் கையமர்த்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்தாள். இரைச்சலுக்கு அந்தப் பக்கம், அவன் வாய்க்கு முன்னால் திறந்திருந்த அந்த ஒரு மைக்கின் வழியாக, டிரங்க் லைனில் மூன்று ஊர் தாண்டிக் கேட்பதுபோல, ஏதோ அலையடித்தது. எத்தனை ஆயிரம் லைன்களைக் கேட்ட காது. அது சிரிப்பு. ஒருத்தர் ரெண்டு பேர் சிரிப்பு இல்லை. ஜன்னல் வரைக்கும் நிறைந்த சிரிப்பு.

"இருக்குடா" என்றாள். "எல்லாரும் கீறாங்க."

உத்தமன் காதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாடாவுக்குள் மூன்று வருடத்துக்கு முந்தைய உத்தமன் டிரம்ஸ் குச்சியால் நாலு தட்டு தட்டினான். பாட்டு திரும்பத் தொடங்கியது.

கதவு திறந்தது. செபாஸ்டியன் நின்றார்.

"ஞானம், சாமியார் வந்துட்டாரு. பொட்டிய மூடணும். எல்லாம் காத்துகினு கீறாங்க."

"கொஞ்சம் இரு நைனா."

மூலையில் மடக்கி வைத்திருந்த வாடகை நாற்காலியை எடுத்து, டேப் ரெக்கார்டருக்கு நேர் எதிரே விரித்துப் போட்டு, ஞானகுமாரி உட்கார்ந்தாள்.