நல்ல கணவன், கெட்ட கணவன்

லண்டன் நகரத்தையே திருத்தும் பொறுப்பு தன் தலையில் விழுந்திருப்பதாக ஆம்புரோஸ் டக்வெல் நம்பினார். குடிகாரன், சூதாடி, சோம்பேறி என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, கடைக் கண்ணாடியில் தொங்கவிட்டு மானத்தை வாங்கியவர். அவர் மனைவி டோர்கஸ் மட்டும் திருந்தவில்லை. கோபித்துக்கொண்டு அண்ணன் கில்பர்ட் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாமல் அவருக்கு வீடு வீடாகவே இல்லை. அவளை வரவழைக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி படம் போடுவதுதான். மன்னிப்புக் கேட்கலாம் என்று அந்த மண்டையில் உதிக்கவே இல்லை, பாவம்.

இடப்பக்கம் நல்ல கணவன்: வேதப் புத்தகமும் கையுமாக அவரேதான். காலடியில் மனைவி மண்டியிட்டுத் தரை தேய்க்கிறாள். வலப்பக்கம் கெட்ட கணவன்: அசல் கில்பர்ட்டின் தொந்தி, தோளில் குழந்தை, கையில் ஜின், மனைவியோடு ஒரே தட்டில் ஆட்டுக்கறி, கும்மாளம்.

தகட்டில் செதுக்குவது அச்சில் இடம்வலமாக மாறி விழும். அதனால் எல்லாவற்றையும் மாற்றித்தான் செதுக்க வேண்டும். படங்களுக்குக் கீழே வரும் எழுத்துகளை ஒழுங்காக மாற்றிவிட்டார். உருவங்களைத் தொடுமுன், குடியின் கேட்டைப் பற்றி ஆழ்ந்து சிந்திப்பதற்காக ஒரு குவளை ஜின் ஊற்றிக்கொண்டார். அப்புறம் வரைந்தது வரைந்தபடியே செதுக்கித் தள்ளிவிட்டார். அச்சில் விழுந்ததைச் சரிபார்க்கவும் இல்லை. மேதைகளுக்கு அதெல்லாம் எதற்கு?

மறுநாள் கடைவாசலில் ஒரே கூட்டம். எழுத்துகள் இடத்தில் இருக்க, உருவங்கள் மட்டும் பக்கம் மாறி விழுந்திருந்தன. வேதம் வாசிக்கும் அவருக்குக் கீழே 'கெட்ட கணவன்' என்றிருந்தது. கில்பர்ட்டுக்குக் கீழே 'நல்ல கணவன்'.

"பாத்தியா, பொண்டாட்டி முட்டி தேயத் தேய, துரை வேதம் படிக்கிறாரு," என்றாள் ஒரு மீன்காரி. "எங்க வீட்லயும் ஒண்ணு இப்படித்தான் உக்காந்திருக்கு."

கடைக்காரர் லவ்ஜாய் ஓடிவந்து டக்வெலின் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷத்துல இப்பதான்யா உருப்படியா ஒண்ணு போட்டிருக்கீங்க."

டக்வெலுக்கு உடம்பெல்லாம் கூசியது. நடந்த தவறைச் சொல்ல வாயெடுத்தபோது, சந்தைக்கு வந்திருந்த டோர்கஸின் குரல் பக்கத்தில் கேட்டது.

"படத்தை மாத்திச் செதுக்க மறந்துட்டீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீங்களா உங்களைக் கெட்டவன்னு போட்டுக்குவீங்க? உங்ககூடக் குடும்பம் நடத்தினவ நான்."

"நாளைக்கே திருத்திடறேன்."

"தாராளமா. நான் அண்ணன் வீட்லயே இருந்துக்கறேன்." அவள் கண் கலங்கியிருந்தது. "தப்பாச் செஞ்சதாலதான் சரியா வந்திருக்கு."

டக்வெல் படத்தை மறுபடி பார்த்தார். தன் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருந்தார். தரை தேய்ப்பவளுக்கு முகமே போடவில்லை. வெட்கமாக இருந்தது.

"வர்றவங்க எல்லாம் யாரு அந்தக் கெட்டவன்னு கேக்கறாங்க," என்றார் லவ்ஜாய். "என்னன்னு சொல்ல?"

டக்வெல் தொப்பியைக் கழற்றினார். "தகடு அப்படியே இருக்கட்டும். கேட்டா, நான்தான்னு சொல்லுங்க."

டோர்கஸ் கையிலிருந்த காய்கறிக் கூடையை அவரிடம் நீட்டிவிட்டு, தங்கள் வீட்டுப் பக்கம் நடந்தாள்.